ஒரு பாட்டு, இரண்டு டெமோ: தனிப் பாடலாசிரியருக்கான நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரிப் பாட்டு. வரியும் மெட்டும் ஒருவரே போட்டது. கிட்டாரை மீட்டிக்கொண்டே போனில் பாடிப் பதிந்து வைத்தது. தானே பாடி வெளியிடும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒரு பாடகியிடமோ பாட்டு தேடுகிற தயாரிப்பாளரிடமோ கொடுக்க வேண்டும், அதற்குத்தான் டெமோ. முதல் டெமோ பயன்படவில்லை. அதே பாட்டை மறுபடி எடுத்தபோது என்னென்ன மாறியது, எங்கே புதிதாகத் தவறியது என்பதே இந்த ஆய்வு. தனியாக எழுதுகிறவர்களுக்கு வழக்கமாக நேரும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரே பாட்டில் வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் டெமோ

போன் பதிவை ஆன்லைனில் வேலை செய்யும் ஓர் இசைக்கோர்ப்பாளருக்கு அனுப்பினார். புரோகிராமிங் (கணினியில் வாத்தியங்களை அமைப்பது), பாடகி, மிக்ஸிங் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. கூடவே போன குறிப்பு இவ்வளவுதான்: “மெலடியா இருக்கணும், கொஞ்சம் கிராண்டா வேணும்.”

வந்தது 5 நிமிடம் 36 விநாடி. அதில் முதல் 48 விநாடிக்குக் குரலே இல்லை. வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் முன்னிசை வாசித்தன. பல்லவியின் உச்சத்தில் பாடகி கத்தினார், சரணம் தொடங்கும் இடத்தில் அவர் குரல் கேட்கவே இல்லை. ஒரே எம்பி3 கோப்பு. குரல் இல்லாத வடிவமோ தனித்தனி டிராக்குகளோ கிடையாது. எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை.

ஒலியாகக் கேட்டால் அது மோசமான வேலை அல்ல. இசைக்கோர்ப்பாளர் தனக்குச் சொன்னதைச் செய்தார். சொல்லாமல் விட்டதை அவரே ஊகித்து நிரப்பினார். நீளம், சுருதி, இடையிசை, குரலின் அளவு என்று பாட்டைத் தீர்மானிக்கிற அத்தனையும் அந்த ஊகத்தில்தான் முடிவானது. டெமோவைக் கேட்கிறவர் மூன்றே விஷயம் பார்க்கிறார்: மெட்டு மனதில் நிற்கிறதா, வரி காதில் விழுகிறதா, இதை நான் பாட முடியுமா அல்லது என் பாடகிக்குப் பொருந்துமா. வயலின் கூட்டம் இந்த மூன்றில் எதற்கும் பதில் சொல்லாது.

பாரை எண்ணுவது

இரண்டாம் டெமோவுக்கான முதல் வேலை ஒரு தாளில் நடந்தது. வேகம் நிமிடத்துக்கு 80 தட்டு, நாலு தட்டுக்கு ஒரு பார். 60ஐ 80ஆல் வகுத்தால் ஒரு தட்டு முக்கால் விநாடி, ஒரு பார் 3 விநாடி. இந்த எண் கையில் இருந்தால் பாட்டின் நீளத்தைப் பதிவுக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

முதல் டெமோவைப் பாராகப் பிரித்தால்: முன்னிசை 16, பல்லவி இரண்டு முறையாக 16, இடையிசை 8, முதல் சரணம் 16, பல்லவி 8, இரண்டாம் இடையிசை 16, இரண்டாம் சரணம் 16, கடைசிப் பல்லவி இரண்டு முறையாக 16. ஆக 112 பார், 336 விநாடி. இதில் வெறும் வாத்தியம் மட்டும் 40 பார், இரண்டு நிமிடம்.

புதிய அமைப்பு: முன்னிசை 4, பல்லவி 8, முதல் வரி மறுமுறை 4, இடையிசை 4, சரணம் 16, பல்லவி 8, இடையிசை 4, சரணம் 16, பல்லவி 8, முடிப்பு 4. மொத்தம் 76 பார். 3 நிமிடம் 48 விநாடி. குரல் 12ஆவது விநாடியில் நுழைகிறது, பல்லவி 36ஆவது விநாடிக்குள் முழுதாக முடிகிறது. பொறுமை இல்லாமல் கேட்கிறவரும் அதற்குள் பாட்டின் சாரத்தைக் கேட்டிருப்பார். வெட்டியது முழுக்க வாத்தியமும் மறுபடிப் பாடுதலும்தான். ஒரு வரிகூடக் குறையவில்லை. நீளமான இடையிசை படத்துக்கோ ஆல்பத்துக்கோ வேண்டுமென்றால் அதைப் போட வேறொருவர் வருவார், அது அவர் வேலை.

வேகம் மட்டும் முதல் டெமோவிலேயே சரியாக அமைந்துவிட்டது. போன் பதிவில் பல்லவி 78இல் ஆரம்பித்து சரணம் 83 வரை ஓடியிருந்தது. கிளிக் (தாளம் தட்டும் ஒலி) இல்லாமல் பாடினால் எல்லோருக்கும் நடப்பதுதான். எழுத்து நெருக்கமாக விழுகிற வரியை மெட்ரோனோமில் பாடிப் பார்த்து வேகத்தை முடிவு செய்வது நல்லது. மெதுவான வரி எந்த வேகத்திலும் உட்கார்ந்துவிடும்.

சுருதி

முதல் டெமோ விழுந்த உண்மையான இடம் இது. எழுதியவர் ஆண், தன் குரலுக்கு ஒரு கட்டையில் மெட்டுப் போட்டிருந்தார் (ஒரு கட்டை மேற்கத்திய சி சுருதி, நாலு எஃப், ஐந்து ஜி). மெட்டின் அடிமட்டம் கீழ் ஸ்தாயி தைவதம், உச்சி மேல் ஸ்தாயி காந்தாரம். எண்ணினால் 19 அரைச்சுரம் (பக்கத்துச் சுரத்துக்குப் போகும் மிகச் சிறிய படி). ஒரு ஸ்தாயியும் பஞ்சமமும். எழுதுகிறவர் தன் குரலின் அடிமட்டத்தையும் உச்சியையும் ஒரே பாட்டில் பயன்படுத்தும்போது இவ்வளவு அகலம் வந்துவிடுகிறது. தானே பாடிக்கொண்டிருக்கும்போது அது உறைக்காது.

முதல் டெமோவில் பாட்டை அப்படியே ஐந்து கட்டைக்குத் தூக்கியிருந்தார்கள். ஆண் பாட்டைப் பெண் குரலுக்கு மாற்ற நாலோ ஐந்தோ கட்டைக்குக் கொண்டுபோவது வழக்கம்தான். ஆனால் இந்த மெட்டில் ஐந்து கட்டையில் உச்சி கத்தலானது. நாலு கட்டைக்கு இறக்கினால் சரணத்தின் முதல் சொல் காற்றோடு போகிறது. நடுவே நாலரைக் கட்டையில் இரண்டும் பாதிப் பாதி.

தீர்வு சுருதியில் இல்லை, மெட்டில் இருந்தது. அந்தக் கீழ்த் தைவதம் பாட்டு முழுவதிலும் சரணத்தின் முதல் சொல்லில் மட்டுமே வருகிறது. அந்த ஒரு சொல்லை ஸட்ஜத்தில் தொடங்கும்படி மாற்றியதும் மெட்டின் அகலம் 16 அரைச்சுரமாகச் சுருங்கியது. நாலரைக் கட்டை நிம்மதியாக உட்கார்ந்தது. எழுதியவருக்கு அந்தத் தாழ்ந்த தொடக்கம் பிடித்த இடமாகத்தான் இருந்திருக்கும்; ஆனால் பாட முடியாத இடத்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

இதைச் சோதிக்க ஸ்டூடியோ தேவையில்லை. நாலு, நாலரை, ஐந்து என்று மூன்று கட்டையில் பல்லவியின் உச்ச வரியையும் சரணத்தின் முதல் வரியையும் மட்டும் கிட்டாரோடு பதிந்து பாடகிக்கு அனுப்பி, அவற்றைப் பாடி அனுப்பச் சொன்னால் போதும். இது வாத்தியம் எதையும் பதியும் முன் நடக்க வேண்டும். கிட்டாரும் புல்லாங்குழலும் முடிந்த பிறகு “அரைக் கட்டை இறக்கலாமா” என்று கேட்டால் எல்லாமே மறுபடி முதலிலிருந்துதான்.

சுருதி இப்படி ஆட வாய்ப்பிருக்கும்போது கார்டுகளை (கூடி ஒலிக்கும் சுரக்கொத்துகளை), சுருதியிலிருந்து எத்தனையாவது சுரம் என்ற எண்ணாக எழுதுவது பெரிய வசதி. 1, 6 மைனர், 4, 5 என்று எழுதிவிட்டால் ஒரு கட்டையில் அது சி, ஏ மைனர், எஃப், ஜி. நாலரைக் கட்டையில் எஃப் ஷார்ப், டி ஷார்ப் மைனர், பி, சி ஷார்ப். தாள் மாறவே இல்லை. 1950களின் இறுதியில் நீல் மாத்யூஸ் ஜூனியர் என்ற அமெரிக்கப் பாடகர் வகுத்து, அங்குள்ள நாஷ்வில் நகர ஸ்டூடியோக்களில் பரவிய முறை இது. பாட்டு வந்து இறங்கிய உடனே, எந்தச் சுருதி சொன்னாலும் வாசிக்க வேண்டிய இடத்தில் பிறந்தது. நாலரைக் கட்டையில் கிட்டாரிஸ்ட் நாலாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு டி வடிவங்களை வாசித்தார். திறந்த தந்திகளின் பளிச்சென்ற ஒலி போகாமல் இருந்தது.

அனுப்பிய கட்டு

வாத்தியக்காரர்களுக்குப் போன கட்டில் இருந்தவை: பார் எண்ணிக்கையோடு கார்டு தாள், வரித்தாள், கிளிக்கோடு பாடிய கைடு டிராக் (மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வாசிப்பதற்கான வழிகாட்டிப் பதிவு), மூன்று முன்மாதிரிப் பாட்டுகள். முன்மாதிரிக்கு “இது மாதிரி” என்று எழுதினால் எதை எடுப்பதென்று தெரியாது. ஒன்றிலிருந்து டிரம்ஸின் அடக்கம், இன்னொன்றிலிருந்து குரல் எவ்வளவு முன்னால் நிற்கிறது, மூன்றாவதிலிருந்து கிட்டார் மீட்டும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருந்தது. முதல் டெமோவின் “கிராண்டா” செய்யாத வேலையை அந்த மூன்று வரி செய்தது.

வாத்தியங்கள் குறைவு. ஒரே வாசிப்பை இரண்டு முறை பதிந்து இடமும் வலமும் வைத்த அக்கூஸ்டிக் கிட்டார், பேஸ், மெல்லிய பியானோ, புரோகிராம் செய்த டிரம்ஸ், இடையிசையில் மட்டும் புல்லாங்குழல். குரல்களையும் சேர்த்தாலும் பன்னிரண்டு டிராக்கைத் தாண்டவில்லை.

இருபத்தைந்து மில்லி விநாடி

இரண்டாம் முறையும் ஒரு கோளாறு வந்தது. தொலைவில் இருந்த கிட்டாரிஸ்டுக்குக் கைடு டிராக்கை எம்பி3யாக அனுப்பியிருந்தார்கள், மெயிலில் போக வசதி என்று. அவர் வாசித்து அனுப்பிய வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பை மூல புராஜெக்டில் வைத்தபோது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் பாட்டு சோம்பலாக ஒலித்தது. கிட்டாரிஸ்ட் தட்டுக்குப் பின்னால் வாசிப்பது போல.

அவர் பின்தங்கவில்லை. எம்பி3 ஆக்கும்போதும் திரும்ப விரிக்கும்போதும் கோப்பின் தலையில் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும். எம்பி3 ஆக்கப் பரவலாகப் புழங்கும் லேம் மென்பொருளில் இது ஏறக்குறைய 1100 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய அளவீடு), விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 25 மில்லி விநாடி. சில மென்பொருள்கள் இதை ஈடுகட்டும், சில கட்டாது. கட்டாத மென்பொருளில் கைடு 25 மில்லி விநாடி தாமதமாகத் தொடங்க, அவர் அதோடு கச்சிதமாக வாசிக்க, அவருடைய வாசிப்பு முழுக்க அதே அளவு பின்னால் வந்து விழுந்தது. டிராக்கை அந்த அளவு முன்னால் நகர்த்தியதும் சரியானது. காதில் விழுந்து காரணம் தெரியாமல் போனால் வாசித்தவரைக் குறை சொல்லி மறுபதிவு கேட்டிருப்பார்கள்.

இதைத் தவிர்க்க, கைடு வேவ் கோப்பாகவே போக வேண்டும். கிளிக் இரண்டு பார் முன்னதாக ஆரம்பிக்க வேண்டும், இந்த வேகத்தில் அது 6 விநாடி. வாசித்தவர் தன் டிராக்கை, நடுவில் மட்டும் வாசித்திருந்தாலும், பூஜ்யத்திலிருந்து ஒரே துண்டாக ஏற்றுமதி செய்ய வேண்டும். அந்த முதல் கிளிக்கையும் ஒரு டிராக்காகச் சேர்த்து அனுப்பினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலே பிசகு தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிதாகத் தோன்றி எளிதில் பிடிபடும் இன்னொரு பிசகும் உண்டு. 48 கிலோஹெர்ட்ஸ் புராஜெக்டில் 44.1 கோப்பை மாற்றாமல் அப்படியே ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும், 3:48 பாட்டு 3:29இல் முடியும். இது யார் காதுக்கும் தப்பாது. எல்லோருக்கும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், கிட்டார் சுருதி ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்று கட்டின் முதல் தாளிலேயே எழுதிவிட்டால் தீர்ந்தது.

குரல் பதிவு

டெமோவின் பெருமதிப்பு இங்கேதான். பாடகிக்கு மைனஸ் ஒன்னும் (குரல் இல்லாத வாத்தியப் பதிவு), எழுதியவர் பாடிய கைடும், வரித்தாளும் முன்னதாகவே போய்விட்டன. வரித்தாள் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு, மூச்செடுக்கும் இடத்தில் சாய்கோடு போட்டது. பாடுகிறவர் தமிழை வேறு எழுத்தில் எழுதிப் படிப்பவரானால் ழ, ள, ல மூன்றையும் வேறுபடுத்தித் தனிக் குறி போட்டுக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் மூன்றும் ஒன்றாகும், அதை மிக்ஸில் சரிசெய்ய முடியாது.

மைக்கிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர், நடுவில் பாப் ஃபில்டர் (மூச்சுக் காற்றைத் தடுக்கும் வலை). நெருங்கினால் குரலின் அடிப்பகுதி பெருத்து வரி மங்கும்; விலகினால் அறை கேட்கும். உச்ச வரியைப் பாடச் சொல்லி, அளவு மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்கும்படி வைத்தால் 24 பிட்டில் அது தாராளம். காது மூடிய ஹெட்ஃபோன்தான். திறந்த வகையானால் கிளிக் மைக்குக்குள் ஒழுகி, மெல்லிய வரியில் டிக் டிக்கென்று கேட்கும். சுருதி இறங்குகிறதென்றால் பாடகியைத் திருத்தப் போகும் முன் ஹெட்ஃபோன் சத்தத்தைக் குறைத்துப் பார்ப்பது பலன் தரும். பல சமயம் அவருக்குத் தன் குரல் கேட்டிருக்காது.

முதலில் நாலு முழு டேக். பிறகு வரி வரியாகப் பஞ்ச், அதாவது அந்த வரியை மட்டும் மறுபடி பதிவது. முழு டேக்கில் உணர்ச்சி கிடைக்கும், பஞ்சில் உச்சரிப்பு கிடைக்கும். பஞ்சில் மட்டுமே கட்டிய குரல் தச்சு வேலை போல இணைப்புத் தெரியும். பல்லவிக்கு ஒரு டபுள் (அதே வரியை மறுபடி பாடிச் சேர்ப்பது), கடைசிப் பல்லவிக்கு இரண்டு ஹார்மனி (வேறு சுரத்தில் உடன்பாடும் குரல்), அவ்வளவுதான்.

சங்கதியை, அதாவது மெட்டின் மேல் பாடுகிறவர் சேர்க்கும் நெளிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்ந்த பாடகி மெட்டைக் கேட்டவுடன் அழகுபடுத்தத் தொடங்குவார். அது அவர் தொழில். ஆனால் டெமோ கேட்கிறவருக்குச் சங்கதி எது, மெட்டு எது என்று பிரித்துத் தெரியாது. முதல் டெமோவின் பல்லவி ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தது, எதுவும் மனதில் ஒட்டவில்லை. இரண்டாம் டெமோவில் முதல் இரண்டு பல்லவியும் எழுதிய சுரத்தில் வெறுமையாக. கடைசிப் பல்லவியில் மட்டும் பாடகிக்கு விட்டுக்கொடுத்தார்கள். புகழ்பெற்ற ஒரு குரலைப் போலப் பாடச் சொல்வதும் இதே ரகத் தவறு. கேட்பவர் போலியைத்தான் கவனிப்பார்.

மிக்ஸும் கோப்புகளும்

வெளியீட்டுக்கான மிக்ஸில் குரல் எங்கே நிற்குமோ அதைவிட ஒரு டெசிபல், ஒன்றரை டெசிபல் மேலே வைத்தார்கள். திருத்தம் இரண்டு சுற்று என்று முன்பே பேச்சு. குறிப்புகள் நேரத்தோடு எழுதப்பட்டன: “1:00 சரணத்தின் முதல் சொல் பியானோவில் மறைகிறது, பியானோவைக் குறைக்கவும்”, “2:12 இடையிசையில் புல்லாங்குழல் குரலைவிடச் சத்தம்.” “இன்னும் ஃபீல் வேணும்” என்ற குறிப்புக்கு மிக்ஸிங் என்ஜினியரால் எந்தக் குமிழையும் திருப்ப முடியாது. கடைசிச் சோதனை போன் ஸ்பீக்கரில், மோனோவாக. பேஸ் போய்விடும், வரி மிஞ்ச வேண்டும். சத்த அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டு முழுவதன் சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம், உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்கு மேல் போகாமல்.

வாங்கி வைத்தவை: முழு மிக்ஸ், குரலற்ற வடிவம், தலைமைக் குரல் மட்டும் நீக்கி ஹார்மனி இருக்கிற வடிவம், தனிக் குரல், எல்லா டிராக்கும் தனித்தனியாக, மிடி கோப்புகள் (ஒலி இல்லாமல், எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பு மட்டும் உள்ளவை). அனுப்புவதற்கு மட்டும் 320 கிலோபிட் எம்பி3; வேவில் பாட்டின் பெயர், எழுதியவர், தொடர்பு எண் போன்ற தகவல் நம்பகமாகத் தங்காது, எம்பி3யில் தங்கும். “ஃபைனல்_நியூ_2” என்ற பெயரில் வந்த கோப்பை யாரும் ஒரு மாதம் கழித்துத் தேடி எடுக்க மாட்டார்கள்.

தாளில் இருக்க வேண்டியவை

பாட்டும் பதிவும் சட்டப்படி இரண்டு சொத்து. வரியும் மெட்டும் எழுதியவருக்கு. பதிவின் உரிமை யாருக்கு என்பதைப் பணம் கொடுத்ததால் மட்டும் எழுதியவருக்கே என்று எண்ணிவிடக் கூடாது, நாட்டுக்கு நாடு விதி மாறும். ஆகவே இசைக்கோர்ப்பாளர், ஒவ்வொரு வாத்தியக்காரர், பாடகி எல்லோரிடமும் ஒரு பக்கக் கையெழுத்து: இந்தத் தொகை இந்த வேலைக்கு, பதிவின் உரிமை எழுதியவருக்கு, பாட்டின் எழுத்துரிமையில் பங்கு இல்லை. இடையிசையில் புல்லாங்குழல் வாசித்த மெட்டு யாருடையது என்ற கேள்விக்கும் அங்கேயே பதில். மெய்யாகவே ஒருவர் மெட்டில் கை வைத்திருந்தால் பங்கைச் சதவீதமாக அன்றே எழுதிவிடுவது நல்லது. பாட்டு ஓடிய பிறகு யாருடைய நினைவும் ஒத்துப்போகாது.

பாடகியின் சம்மதம் டெமோவுக்கு மட்டும். அந்தக் குரலோடேயே வெளியிட நேர்ந்தால் தனித் தொகை, அந்தத் தொகையும் தாளிலேயே. அவர் குரலை வைத்துச் செயற்கைக் குரல் உருவாக்குவதில்லை என்ற வரியை இப்போது பாடகர்கள் கேட்கிறார்கள், கேட்பது நியாயம்.

லூப் (திரும்பத் திரும்ப ஓட்டும் தயார் இசைத்துண்டு) நூலகங்களிலிருந்து எடுத்த தாளம் பொதுவாகச் சிக்கல் தராது. மெட்டுள்ள லூப் தரும். உரிமம் இருந்தாலும் அது உங்களுக்கு மட்டும் தந்த உரிமம் அல்ல, அதே துண்டு இன்னொருவர் பாட்டிலும் இருக்கலாம். தானியங்கி உரிமைச் சோதனையில் இரண்டும் மோதும். முதல் டெமோவின் முன்னிசையில் அப்படி ஏதாவது இருந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தாள்கூட இல்லை, அதனால் அந்தப் பதிவிலிருந்து எதையும் எடுத்துப் பயன்படுத்தவில்லை.

பெர்ன் உடன்படிக்கை (பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தம்) நாடுகளில் பாட்டு எழுதிய உடனே உரிமை பிறந்துவிடுகிறது, அதை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் தேதியுள்ள சான்று வேண்டும்; முதல் போன் பதிவை அழிக்காமல் வைத்திருப்பதற்கு அது ஒரு காரணம். டெமோவைக் கேட்பதற்கோ பதிப்பிப்பதற்கோ எழுதியவரிடமே பணம் கேட்கிற நிறுவனத்தைத் தவிர்க்கலாம். முறையான பதிப்பாளர் பாட்டிலிருந்து சம்பாதிக்கிறார், எழுதியவரிடமிருந்து அல்ல.

ஆண் குரல் வடிவம்

பாடகியிடம் போகிற பாட்டை ஆண் பாடகர் ஒருவர் கேட்க வாய்ப்புண்டு. நாலரைக் கட்டைக் கிட்டாரை மென்பொருளில் ஆறு அரைச்சுரம் இறக்கினால் தந்தி ரப்பர் போல் ஒலிக்கும். ஆகவே கிட்டாரிஸ்ட் உட்கார்ந்திருந்த அதே அமர்வில் கேப்போவை எடுத்துவிட்டு ஒரு கட்டையிலும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிப் பதிந்தார்கள். பியானோவும் பேஸும் மிடி, கோப்பில் சுரங்களை மாற்றினால் போதும். டிரம்ஸுக்குச் சுருதி இல்லை. புல்லாங்குழல் மட்டும் அந்தச் சுருதியில் இல்லை, இடையிசையைப் பியானோவே வாசித்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறார்கள். கேட்டு வந்தால் ஓர் ஆண் குரலைப் பதிவதுதான் பாக்கி.